கொங்கு நாட்டில் பெருங்குழல் வேட்டைத் துப்பாக்கிகள்

பெருங்குழல் வேட்டைத் துப்பாக்கி என்பது யானை, காட்டெருமை முதலிய பேருடல் விலங்குகளை வீழ்த்துவதற்கென்று செய்யப்பட்ட, அகன்ற குழலும் கனத்த குண்டும் கொண்ட ரைபிள் வகையாகும். குழலின் விட்டம் ஏறத்தாழ .375 அங்குலம், அதாவது 9.5 மில்லிமீட்டர், அல்லது அதற்கு மேல் இருப்பவற்றை இவ்வகையில் சேர்ப்பது வழக்கம். கொங்கு நாட்டைச் சூழ்ந்துள்ள ஆனைமலை, நீலகிரி அடிவாரம், சத்தியமங்கலம், பர்கூர், பிலிகிரிரங்கன் மலைக் காடுகளில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து, வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்ட 1972 வரை இவை பயன்பாட்டில் இருந்தன. இன்று இந்தியாவில் வேட்டை சட்டப்படி தடை செய்யப்பட்டுள்ளது.

இவ்வகையில் மிகச் சிறந்தவை எனப் பெயர் பெற்ற ஆங்கிலேய இரட்டைக்குழல் ரைபிள்களை மன்னர்களும் செல்வந்தர்களும் உயர் அலுவலர்களுமே வாங்க முடிந்தது. காப்பி, தேயிலைத் தோட்ட மேலாளர்கள், வனத்துறை அலுவலர்கள், பொறியாளர்கள் போன்ற மாதச் சம்பளக்காரர்கள் அதே வேலையைச் செய்யக்கூடிய மலிவான துப்பாக்கியைத் தேட வேண்டியிருந்தது. இத்தேர்வு வெறும் பணக்கணக்காக முடிந்துவிடவில்லை. போதிய ஆற்றலற்ற துப்பாக்கியால் சுடப்பட்டுக் காயத்துடன் தப்பிய விலங்கை அடுத்து எதிர்கொண்டவர்கள் பெரும்பாலும் விறகு பொறுக்கச் சென்றவர்களும் மாடு மேய்த்தவர்களும் ஆவர்.

பெருங்குழல் தேவைப்பட்டதன் காரணம்

வளர்ந்த ஆசிய ஆண் யானை 4 முதல் 5 டன் வரை எடை கொண்டது. அதன் தலை பெரிது. ஆனால் அத்தலையின் பெரும்பகுதி காற்றறைகள் நிறைந்த, தேனடை போன்ற எலும்பாகும். மூளை அதற்குள் பின்புறமாக அமைந்த சிறிய உறுப்பு. எலும்பில் பட்டதும் நசுங்கும் ஈயக்குண்டு இந்தத் தடிப்பைக் கடந்து செல்லாது. காட்டெருமையின் காளை ஒரு டன் வரை எடை கொள்ளும். அதன் தோளில் தசையும் எலும்பும் அடர்ந்திருக்கும்.

ஆகவே இரண்டு பண்புகள் தேவைப்பட்டன. ஒன்று, குண்டின் நிறை. மற்றொன்று, வளையாமலும் உடையாமலும் நேர்கோட்டில் உட்செல்லும் தன்மை. இதற்காக எஃகு அல்லது நிக்கல் கலப்பு உலோக உறை முழுவதும் போர்த்திய 'கெட்டிக் குண்டு' உருவாக்கப்பட்டது. ஒரே விட்டமுடைய இரண்டு குண்டுகளில் எடை மிகுந்தது நீளமாக இருக்கும். அதுவே ஆழமாகச் செல்லும். விலை குறைந்த துப்பாக்கிகளைப் பற்றிய பழைய விவாதங்கள் எல்லாம் இந்த ஒரு செய்தியைச் சுற்றியே நடந்தன.

குழல் அகலம் தேவையே இல்லை என்று வாதிட்டவர்களும் உண்டு. ஆப்பிரிக்காவில் தந்த வேட்டையாடிய ஸ்காட்லாந்துக்காரர் டபிள்யூ. டி. எம். பெல், 7 மில்லிமீட்டர் சிறுகுழல் ரைபிளைக் கொண்டே பெருந்தொகையான யானைகளைக் கொன்றார். ஆனால் அவர் யானையின் உடற்கூற்றை அறுத்துப் பார்த்துப் படித்தவர். அமைதியாக நிற்கும் விலங்கை, இடம் தேர்ந்து சுட்டவர். ஆனைமலையின் மூங்கில் புதரிலோ, சத்தியமங்கலத்தின் உண்ணிச்செடி அடர்விலோ நிலைமை வேறு. அங்கு யானை கண்ணுக்குத் தெரியும்போதே பத்து இருபது அடி எடுத்துவைக்கும் தொலைவில்தான் நிற்கும். பெல்லின் எடுத்துக்காட்டைக் கொங்கு மலைகளுக்கு அப்படியே பொருத்துவது தவறாகும்.

கரிமருந்துக் காலம்

19ஆம் நூற்றாண்டின் இறுதி வரை துப்பாக்கிகளில் கரிமருந்தே பயன்பட்டது. இம்மருந்தால் குண்டின் வேகத்தை ஓரளவுக்கு மேல் கூட்ட இயலாது. எனவே ஆற்றல் வேண்டுமானால் குண்டைப் பெரிதாக்குவதே வழி. அக்காலத்துத் துப்பாக்கிகள் 'போர்' என்னும் எண்ணால் குறிக்கப்பட்டன. ஒரு பவுண்டு ஈயத்தை எத்தனை சம உருண்டைகளாக வார்த்தால் அவ்வுருண்டை குழலுக்குப் பொருந்துமோ அதுவே அந்த எண். இதனால் எண் குறையக் குறையக் குழல் பெரிதாகும். 12 போர் உருண்டை ஏறத்தாழ 38 கிராம். 8 போர் 57 கிராம். 4 போர் 113 கிராம். 8 போர் ரைபிளைத் தூக்கி நடப்பதற்கே தனியாள் வைத்துக்கொண்டனர். சுட்டவுடன் எழும் வெண்புகை எதிரிலுள்ள விலங்கை மறைத்துவிடும். உதைப்பு தோளைக் கன்றச் செய்யும்.

இலங்கையில் 1840களிலும் 1850களின் தொடக்கத்திலும் சாமுவேல் பேக்கர் இத்தகைய துப்பாக்கிகளுடன் வேட்டையாடினார். அதே தீவில் மேஜர் தாமஸ் ராஜர்ஸ் 1,400க்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகச் சொல்லப்படுகிறது. அவர் 1845இல் மின்னல் தாக்கி இறந்தார். கொங்குப் பகுதியில் ஆனைமலை, பழனிமலைக் காடுகளை நில அளவைப் பணியின் பொருட்டுச் சுற்றிய டக்ளஸ் ஹாமில்டன் தம் வேட்டைக் குறிப்புகளை விட்டுச் சென்றார். அவை 1892இல் நூலாயின. மைசூர் அரசில் யானை பிடிக்கும் பணியை நடத்திய ஜி. பி. சாண்டர்சன் 4 போர், 8 போர் துப்பாக்கிகளின் நிறைகுறைகளை விரிவாக எழுதியவர். அவருடைய 1878ஆம் ஆண்டு நூல் தாளவாடியை அடுத்த சாமராசநகர் வட்டாரத்தைச் சேர்ந்த அனுபவங்களைக் கொண்டது.

இந்நூல்களில் எல்லாம் விலங்கின் தடம் பார்த்து முன்னே நடப்பவர்கள் காடர், மலசர், இருளர், சோளகர் ஆகிய பழங்குடியினர். சுட்டவரின் பெயர் நூலில் நிலைத்தது; தடம் கண்டவரின் பெயர் பல இடங்களில் இல்லை.

புகையற்ற மருந்தும் .450 தடையும்

1898இல் ஜான் ரிக்பி நிறுவனம் புகையற்ற வெடிமருந்தைப் பயன்படுத்தும் .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டாவை வெளியிட்டது. 31 கிராம் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 655 மீட்டர் வேகத்தில் சென்றது. அதன் ஆற்றல் சுமார் 6,700 சூல். 57 கிராம் ஈய உருண்டையைவிட இச்சிறிய குண்டு ஆழமாக உட்சென்றது. 4 போர், 8 போர் ஆகியவை சில ஆண்டுகளிலேயே பழம்பொருள் ஆயின.

ஆனால் இந்தியாவில் இதற்கு ஒரு தடை வந்தது. படைகளில் இருந்த மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியும் .450 விட்டமுடையது. களவு போன அத்துப்பாக்கிகளுக்கு வேட்டைத் தோட்டாக்களிலிருந்து குண்டுகளைப் பிரித்தெடுத்துப் பயன்படுத்தலாம் என்று அரசு அஞ்சியது. எனவே 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் .450 வகைத் தோட்டாக்கள் இந்தியாவுக்கும் சூடானுக்கும் கொண்டுவரப்படுவது தடை செய்யப்பட்டது. இலண்டன் உற்பத்தியாளர்கள் சிறிது விட்டம் மாற்றி .465, .470, .475 என்று புதிய அளவுகளை அறிமுகப்படுத்தினர். படைத்துப்பாக்கியின் அளவு பொதுமக்களிடம் இருக்கக்கூடாது என்னும் இக்கொள்கை விடுதலைக்குப் பின்னரும் தொடர்ந்தது. இந்தியாவில் .303 தனியாருக்கு மறுக்கப்பட்டு, அதற்கு ஈடாக .315 வழங்கப்பட்டதும் இதனால்தான்.

.400 அங்குலத்தை ஒட்டிய அளவுகளை இத்தடை தொடவில்லை. மலிவான துப்பாக்கிகள் பெரும்பாலும் அவ்வளவிலேயே இருந்தன.

விலை குறைந்த தேர்வுகள்

இரட்டைக்குழல் ரைபிளின் விலை அதன் வேலைப்பாட்டால் வந்தது. இரண்டு குழல்களையும் இணைத்துப் பற்றவைத்து, இரண்டின் குண்டுகளும் குறித்த தொலைவில் ஒரே இடத்தில் விழுமாறு சுட்டுப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். இது தேர்ந்த கைவினைஞர் பல நாள் செய்யும் வேலை, எந்திரத்தால் ஆகாது. பயன் என்னவென்றால் இரண்டாவது குண்டு உடனே கிடைக்கும். ஒரு பக்கப் பொறி பழுதானாலும் மறுபக்கம் சுடும். கைத்தாழ்ப்பாள் இயக்கவேண்டிய ஓசையும் இல்லை.

இதற்கு மாற்றாக வந்தது ஒற்றைக்குழல் அடுக்குத்தோட்டா ரைபிள். செருமனியின் மௌசர் நிறுவனம் 1898 வடிவமைப்பைப் படைகளுக்காகப் பேரளவில் உற்பத்தி செய்தது. அதே பொறியமைப்பில் அகன்ற குழலைப் பொருத்தினால் வேட்டைத் துப்பாக்கி ஆயிற்று. விலை, இரட்டைக்குழல் துப்பாக்கியின் ஒரு சிறு பகுதியே. மூன்று அல்லது நான்கு தோட்டாக்கள் உள்ளேயே இருக்கும். ஒவ்வொரு முறை சுட்ட பின்னும் தாழ்ப்பாளை இழுத்துத் தள்ள வேண்டும் என்பது குறை.

தோட்டக்காரர்களிடமும் சம்பளக்கார வேட்டையாளர்களிடமும் புழங்கிய அளவுகளில் குறிப்பிடத்தக்கது .405 வின்செஸ்டர். 1904இல் அமெரிக்காவில் வெளிவந்தது. ஜான் பிரௌனிங் வடிவமைத்த 1895 மாதிரி நெம்புகோல் ரைபிளில் இது பயன்பட்டது. 19.4 கிராம் குண்டு, நொடிக்குச் சுமார் 670 மீட்டர், 4,400 சூல். தொழிற்சாலைப் பொருளாதலால் விலை மலிவு; நெம்புகோலை இயக்குவதும் விரைவு. தியோடர் ரூசவெல்ட் 1909இல் ஆப்பிரிக்காவுக்கு இதை எடுத்துச் சென்றார். பெங்களூரில் வாழ்ந்து சேலம், கோயம்புத்தூர் மாவட்டக் காடுகளில் வேட்டையாடிய எழுத்தாளர் கென்னத் ஆண்டர்சன் (1910–1974) பெரிதும் நம்பியிருந்ததும் இதுவே. புலி, சிறுத்தை, கரடி ஆகியவற்றுக்கு இது மிகப் போதுமானது. யானைக்குப் போதுமா என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. குண்டின் விட்டத்தை நோக்க அதன் எடை குறைவு என்பதே காரணம்.

அடுத்து .423 மௌசர். செருமனியில் 10.75×68 என்று குறிக்கப்பட்ட இது இந்தியாவில் .423 என்ற பெயரால் அறியப்பட்டது. குண்டு 22.5 கிராம். வழக்கமான மௌசர் பொறியிலேயே பொருந்தியதால் பெருங்குழல்களில் மிக மலிவானவற்றுள் ஒன்றாக இருந்தது. இதன் கெட்டிக் குண்டு எலும்பில் வளைந்து வழிமாறுகிறது என்று வேட்டையாளர்கள் குறை கூறினர். ஆப்பிரிக்கத் துப்பாக்கிகளைப் பற்றி 1948இல் நூல் எழுதிய ஜான் டெய்லரும் இதன் குண்டுகளைக் கடுமையாக விமர்சித்தார்.

1905ஐ ஒட்டி வெளிவந்த .404 ஜெஃப்ரியின் குண்டும், பெயர் வேறாயினும், அதே 10.75 மில்லிமீட்டர் விட்டமுடையதுதான். (துப்பாக்கி அளவுகளின் பெயரை நம்பி விட்டத்தை அறிய முடியாது என்பதற்கு இது நல்ல சான்று. சில குழலின் உள்விட்டத்தையும், சில குண்டின் விட்டத்தையும் குறிக்கும்; .450/400 என்பதோ .450 தோட்டாக்கூட்டின் கழுத்தை .400க்குச் சுருக்கியது எனப் பொருள்படும்.) ஆனால் .404இன் குண்டு 26 கிராம்; .423ஐவிட மூன்றரைக் கிராம் அதிகம். இவ்வேறுபாடு தாளில் சிறிதாகத் தெரியும். யானையின் மண்டையோட்டில் அதுவே பல அங்குல ஆழமாகும். சுமார் 5,500 சூல் ஆற்றலும், தாங்கக்கூடிய உதைப்பும், இரட்டைக்குழலைவிட மிகக் குறைந்த விலையும் சேர்ந்து .404ஐ, பணத்துக்கு ஏற்ற பயன் என்னும் நோக்கில், முதலிடத்தில் வைத்தன எனலாம். ஆப்பிரிக்காவிலும் பல அரசு வனவிலங்குத் துறைகள் தம் காவலர்களுக்கு இதையே வழங்கின.

1911இல் வந்த .416 ரிக்பி ஆற்றலில் .450க்கு இணையானது. ஆயினும் அதன் நீண்ட தோட்டாவுக்குப் பெரிய மௌசர் பொறி தேவைப்பட்டதால் விலை கூடியது. 1912இல் வந்த .375 ஹாலண்ட் அண்டு ஹாலண்ட் ஒரே துப்பாக்கியால் மானையும் காட்டெருமையையும் சுட விரும்பியவருக்கு ஏற்றது. இரட்டைக்குழல்தான் வேண்டும் என்போர், ஊர் திரும்பும் அலுவலர்கள் விற்றுச் செல்லும் பழைய .450/400ஐ வாங்கினர். ஜிம் கார்பெட் வைத்திருந்த ஜெஃப்ரி இரட்டைக்குழல் இவ்வளவினதே.

துப்பாக்கியின் விலையோடு தோட்டாவின் விலையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டியிருந்தது. பெருங்குழல் தோட்டா ஒவ்வொன்றும் விலை மிக்கது, கப்பலில் வரவேண்டியது. ஆகவே பலர் பயிற்சிக்குச் சுடுவதையே தவிர்த்தனர். குறி தவறுவதற்கு மலிவுத் துப்பாக்கியைக் காட்டிலும் இப்பழக்கமே பெரிய காரணமாக இருந்திருக்கும். ஈரக் காற்றில் ஆண்டுக்கணக்கில் கிடந்த தோட்டாக்கள் வெடிக்காமல் போவதும் உண்டு.

காயம்பட்ட விலங்குகள்

ஆட்கொல்லிப் புலிகளும் மனிதரைத் தாக்கும் ஒற்றை யானைகளும் உருவாவதற்கு ஆறாத காயம் ஒரு முக்கியக் காரணம் என்பதைக் கார்பெட், ஆண்டர்சன் இருவருமே வலியுறுத்தினர். இக்காயங்கள் பலவும் வேட்டை ரைபிளால் ஏற்பட்டவை அல்ல. கொங்கு நாட்டு மலையோரச் சிற்றூர்களில் பயிர்க் காவலுக்கென்று நாட்டுத் துப்பாக்கிகள் இருந்தன. வாய்வழி மருந்து இட்டுக் கெட்டித்து, ஈயத்துண்டுகளை நிரப்பிச் சுடும் இவை யானையைக் கொல்லும் ஆற்றல் இல்லாதவை. தோலுக்குள் ஈயத்தைச் செலுத்திப் புண்ணாக்கும் ஆற்றல் உள்ளவை. சோளமும் ராகியும் விளைந்த இரவுகளில் பரணில் அமர்ந்திருந்த உழவருக்கு வேறு வழியும் இருக்கவில்லை.

மனிதரைக் கொல்லும் யானை அரசால் 'போக்கிரி யானை' என அறிவிக்கப்படும். அதன் உயரம், தந்தம், காலடி அளவு, திரியும் எல்லை ஆகியவற்றைக் குறித்து ஆட்சியரும் வனத்துறையும் அறிவிக்கை வெளியிடுவர். உரிமம் பெற்ற வேட்டையாளர் அந்த யானையை மட்டுமே சுடலாம். பெருங்குழல் துப்பாக்கி வைத்திருந்த தோட்டக்காரர்கள் இப்பணிக்கு அழைக்கப்பட்டனர். பிலிகிரிரங்கன் மலையில் காப்பித் தோட்டம் நடத்திய ரால்ப் காம்ரூ மாரிஸ் (1894–1977) அவ்வட்டார யானை, காட்டெருமை பற்றிப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் தொடர்ந்து எழுதியவர். அவருடைய தோட்டம் இருந்த கொள்ளேகால் வட்டம் 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது என்பது இன்று பலருக்கும் வியப்பளிக்கும் செய்தியாகும்.

சட்டங்கள்

யானை படைக்கும் மரம் இழுக்கும் பணிக்கும் தேவைப்பட்டதால், அதைச் சுட்டுத் தீர்ப்பதை அரசு விரும்பவில்லை. 1873இல் சென்னை மாகாணத்தில் காட்டு யானைகள் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1877இல் நீலகிரி வேட்டைச் சங்கம் தோன்றியது. 1879இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1878ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க உரிமத்தைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பியர் நெடுங்காலம் இதிலிருந்து விலக்குப் பெற்றிருந்தனர். ஆகவே 'மலிவான தேர்வு' என்று மேலே கூறியது, கொங்கு வேளாளருக்கோ மலசருக்கோ எளிதில் கிட்டியதில்லை. விடுதலைக்குப் பின் 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் பழைய சட்டத்தின் இடத்தைப் பெற்றது.

1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக் காலத்தை முடித்துவைத்தது. யானை 1977இல் அச்சட்டத்தின் முதல் அட்டவணைக்கு மாற்றப்பட்டது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் எஞ்சியிருந்த வேட்டை உரிமங்களையும் நீக்கியது. மனித உயிருக்குக் கேடு விளைவிக்கும் விலங்கைப் பிடிக்கவோ மயக்கவோ இடம் மாற்றவோ இயலாது என்று தலைமை வனவுயிர்க் காப்பாளர் எழுத்துவழி முடிவு செய்தால் மட்டுமே அதைக் கொல்ல ஆணையிட முடியும்.

இன்றைய நிலை

2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 2,961 யானைகள் இருந்தன. அவற்றில் கணிசமானவை கொங்கு மலைகளைச் சேர்ந்தவை. பயிர்ச்சேதமும் உயிரிழப்பும் நின்றபாடில்லை. சத்தியமங்கலம், பிலிகிரிரங்கன் பகுதியில் 1980களின் தொடக்கத்தில் ஆய்வு செய்த இராமன் சுகுமார், பெண் யானைகளைவிட ஆண் யானைகளே வயல்களுக்கு மிகுதியாக வருவதைக் காட்டினார். முன்பு போக்கிரி என அறிவிக்கப்பட்டுச் சுடப்பட்டவையும் பெரும்பாலும் இத்தகைய ஒற்றை ஆண்களே.

இப்போது அவற்றின் மீது பயன்படுவது மயக்க ஊசித் துப்பாக்கி. அழுத்த வாயுவால் ஊசியைச் செலுத்தும் இக்கருவியை வனக் கால்நடை மருத்துவர் இயக்குகிறார். கும்கி யானைகள் சூழ்ந்து நிற்கும். 2019 சனவரியில் தடாகம் பள்ளத்தாக்கில் பிடிக்கப்பட்ட சின்னத்தம்பி யானை, விடப்பட்ட காட்டிலிருந்து வெளியேறி உடுமலைப்பேட்டை வட்டாரக் கரும்புத் தோட்டங்களில் தங்கியது. பிப்ரவரியில் மீண்டும் பிடிக்கப்பட்டது. 2023 பிப்ரவரியில் தருமபுரி மாவட்டத்தில் பிடித்து ஆனைமலையில் விடப்பட்ட மக்னா யானை ஒன்று நடந்தே கோவை மாநகரின் விளிம்பு வரை வந்து பேரூர்ப் பகுதியில் பிடிபட்டது. இடம் மாற்றுவதும் எளிய தீர்வன்று என்பதை இவை காட்டுகின்றன.

காயப்படுத்தும் மலிவுக் கருவிகள் மறையவில்லை. காட்டுப்பன்றிக்கென்று பழத்திலோ இறைச்சியிலோ மறைத்து வைக்கப்படும் 'அவுட்டுக்காய்' என்னும் வெடி, கோவை வனப்பகுதியில் யானைகளின் வாயைச் சிதைத்து, உண்ண இயலாமல் பட்டினியால் இறக்கச் செய்துள்ளது. காட்டுப்பன்றியால் வரும் சேதத்தைக் குறைக்கக் கோரி உழவர்கள் நெடுநாள் போராடியதன் பின், 2025 சனவரியில் தமிழ்நாடு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. அதன்படி காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாம். இதற்குப் பெருங்குழல் தேவையில்லை.

பழைய பெருங்குழல் ரைபிள்கள் சில குடும்பங்களில் பரம்பரைப் பொருளாக எஞ்சியுள்ளன. .405 தோட்டா உற்பத்தி 1950களில் நின்றது. 1960களில் கைனாக் நிறுவனமும் பெருங்குழல் தோட்டாக்களைக் கைவிட்டது. பிற்காலத்தில் வெளிநாட்டில் சில அளவுகள் மீண்டும் செய்யப்பட்டாலும், 1980களுக்குப் பின் தனியார் இறக்குமதி இல்லாததால் அவை இங்கு எட்டுவதில்லை. மேற்கு வங்கத்தின் இச்சாப்பூரில் செய்யப்படும் .315 ரைபிளின் தோட்டா இவற்றில் பொருந்தாது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தபோது, உரிமையாளர்கள் முதலில் கைவிட எண்ணியது தோட்டா கிடைக்காத இத்துப்பாக்கிகளையே எனக் கருதலாம். தேர்தல் அறிவிக்கப்படும்போது உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கக் கேட்கும் நடைமுறைக்குச் சுட முடியாத இவையும் உட்பட்டவையே.